நோவாயில் ஒரு நோவா

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி போனில் கூப்பிட்டான். சென்னைப் பையன். டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. 1970ஆம் வருட ஷெவெல் கார் ஒன்றை வாங்கிவிட்டானாம். குரலில் புதுமாப்பிள்ளைக் களை.

"அண்ணே, கையில மூவாயிரம் டாலர் இருக்கு. கேம் மாத்தட்டுமா, கார்பரேட்டர் மாத்தட்டுமா?"

"பிரேக் எப்படிப் பிடிக்குது?"

"பிடிக்குதுண்ணே. கொஞ்சம் ஒரு பக்கமா இழுக்கும். அதை அப்புறம் பாத்துக்கலாம்."

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன வார்த்தை, எழுத்து மாறாமல். அரைமணி நேரம் பேசினேன். பாதிதான் அவன் காதில் ஏறியிருக்கும். நடுநடுவே எஞ்சினை ரேஸ் பண்ணிக் காட்டிக்கொண்டே இருந்தான். மீதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் வண்டி 1972ஆம் வருட ஷெவர்லே நோவா. இரண்டு கதவு, 350 கன அங்குல வி8, மூன்று கியர் ஆட்டோமேட்டிக். நான் இருக்கும் ஊரின் பெயரும் கிட்டத்தட்ட அதேதான். எழுதுவது நோவி, சொல்வது நோவாய். வாங்கிய அன்று அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "பேரு என்னன்னு சொன்னே? நோவாவா? காசு குடுத்து யாராச்சும் நோவை வாங்குவாங்களா கண்ணு?" என்றார். ஸ்பானிஷில் 'நோ வா' என்றால் 'போகாது', அதனால் லத்தீன் அமெரிக்காவில் இந்தக் கார் விலைபோகவில்லை என்று ஒரு கதையைப் பலரும் சொல்வார்கள். கட்டுக்கதை. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. தமிழ்நாட்டில் விற்கப் போயிருந்தால்தான் சிக்கல்.

இதை மசில் கார் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. 396 எஞ்சின் வைத்த நோவாதான் கணக்கில் வரும், உன்னுடையது சித்தி கடைக்குப் போன வண்டி என்பார்கள். சரி, சித்தி வண்டியே இருக்கட்டும். இந்த இனத்தின் பிறப்பைப் பார்த்தால் பெருமைப்பட எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கவலைப்படவும் இருக்கிறது. 1964இல் போன்டியாக் ஜிடிஓ வந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குள் ஒரு விதி இருந்தது. ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் காருக்கான 'கூடுதல் வசதி' என்ற பெயரில் விலைப்பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். ஐயாயிரம் விற்றால் பெரிது என்று கம்பெனியிலேயே நினைத்திருக்க, முதல் வருடமே 32,450 போனது. எஞ்சின் பெரிதானது, பிரேக் மட்டும் டெம்பெஸ்ட்டின் அதே ஒன்பதரை அங்குல டிரம், நான்கு சக்கரத்துக்கும். மசில் கார் என்பதே பிரேக்கை மறந்து பிறந்த இனம். அம்பது வருடம் கழித்து அதை வாங்குகிற நாமும் அதையே மறந்துவிட்டுக் கேம் வாங்கப் போகிறோம்.

நானும் போனேன். 1972 நோவாவின் 350 எஞ்சினுக்கு, இரண்டு தொண்டை கார்பரேட்டரோடு, கம்பெனி சொன்ன குதிரைத்திறன் 165. அதைப் படித்ததும் எனக்கு அவமானமாக இருந்தது. முந்தைய வருடம் இதே எஞ்சினுக்கு 245 என்று விளம்பரம். இடையில் எஞ்சின் செத்துப்போய்விடவில்லை, அளக்கிற முறைதான் மாறியது. 1971 வரை ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் ஏற்றி ஓட்டி வந்த எண்ணைப் போட்டார்கள். 1972இலிருந்து காரில் இருக்கிற கோலத்திலேயே அளந்தார்கள். கல்யாண மண்டபத்தில் மேக்கப்போடு பார்த்ததும் மறுநாள் காலை அடுப்படியில் பார்த்ததும் ஒரே ஆள்தான். எனக்கு அப்போது இது தெரியாது. "165தானா!" என்று பதறிப்போய் 750 சிஎஃப்எம் நான்கு தொண்டைக் கார்பரேட்டர் ஒன்றும், அதற்கு ஏற்ற ரேஸ் மேனிஃபோல்டு ஒன்றும் வாங்கி ஒரு சனி ஞாயிறில் மாட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்தால் பளபளவென்று, பிள்ளையார் கோயில் வெள்ளிக் கவசம் மாதிரி இருந்தது.

மிலன் என்ற ஊரில் ஒரு டிராக் ஸ்ட்ரிப் இருக்கிறது. கால் மைல், அதாவது 402 மீட்டர். மாட்டுவதற்கு முன்னால் அங்கே ஓட்டிய சீட்டு என்னிடம் இருந்தது: 17.1 வினாடி, முடிவுக் கோட்டில் மணிக்கு 80 மைல். புதுக் கார்பரேட்டரோடு போனேன். 17.4 வினாடி, 81 மைல். எழுநூறு டாலர் செலவழித்து வண்டியை மெதுவாக்கியிருந்தேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் மூச்சு முட்டும், பிறகுதான் கிளம்பும். பக்கத்துத் தடத்தில் ஒரு மினிவேன் என்னைத் தாண்டிப் போனது. அதில் பின்சீட்டில் குழந்தை சீட் இருந்ததையும் பார்த்தேன்.

அந்தச் சீட்டை எப்படிப் படிப்பது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். டெட்ராய்டில் கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் டூல் ரூமில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சொன்னதன் சாரம்: முடிவுக் கோட்டு வேகம் எஞ்சினைப் பற்றிச் சொல்லும், ஆன நேரம் கிளம்பியதைப் பற்றிச் சொல்லும். எஞ்சின் சக்தி கூடினால் வேகம் கூடும். சக்தி தரைக்குப் போகவில்லை என்றால் நேரம் கெடும். என் சீட்டில் வேகம் ஒரு மைல் கூடி, நேரம் கெட்டிருந்தது. மேலே கொஞ்சம் சக்தி வந்திருக்கிறது, கீழே இழுவை போய்விட்டது என்று அர்த்தம். அவர் இதைச் சொல்லும்போது சிரிக்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சிரிப்பு நின்றது வேறொரு நாள். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ். 1995இலிருந்து பழைய கார்களை எல்லாம் அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டு வருவார்கள். தேர்த் திருவிழாதான், தேருக்குப் பதில் ஆயிரக்கணக்கில் கார். முடித்துவிட்டு நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது மணிக்கு 70 மைலில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் எல்லா வண்டியும் சட்டென்று பிரேக் அடித்தன. நானும் அடித்தேன், நின்றது. மறுபடி வேகம் எடுத்து அரை நிமிடம் ஆகியிருக்காது, மறுபடியும் சிவப்பு விளக்குகள். இந்த முறை பெடல் கீழே போய்க்கொண்டே இருந்தது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இடது ஓரத்தில் காலியிடம் இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன். கருகின வாசனை காருக்குள் வந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும் வரை ஒன்றும் சொல்லவில்லை.

டிரம் பிரேக் சூடானால் டிரம் விரியும். ஷூவை விட்டு விலகிப் போகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். இது எல்லா டிரம்முக்கும் உள்ள குணம். என் வண்டியில் அதற்கு மேலும் ஒன்று: கழற்றிப் பார்த்தபோது வலது முன் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ முழுவதும் பிரேக் ஆயிலில் ஊறிக் கிடந்தது. வலது பிடிக்காததால்தான் இடது பக்கம் இழுத்திருக்கிறது. 'பிரேக் எல்லாம் புதுசு' என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். நான் ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் வாங்கினேன். தப்பு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு விஷயம் போனது. திருச்செங்கோட்டில் லாரி பட்டறையில் நாற்பது வருடம் கை கறுத்தவர். "லோடு ஏத்தறதுக்கு முன்னாடி டிரம்மக் கழட்டிப் பாப்பமா மாட்டமா? உன்ற காருக்கு மட்டும் என்னடா தனிச் சட்டம்?" அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "கொல்லிமலை எறங்கற லாரிக்காரன்கிட்டப் போயி எஞ்சினு எத்தனை குதிரைன்னு கேட்டுப் பாரு. அவன் பிரேக்கத்தான் சொல்லுவான்" என்றார்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 60 மைல் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்துவதற்கும் 80 மைலில் வருவதை நிறுத்துவதற்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் 78 சதவீதம் கூடுதல், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எஞ்சினுக்குச் சேர்க்கும் ஒவ்வொரு குதிரையையும் பிடித்துக் கட்ட முளைக்கம்பு வேண்டாமா?

அந்தக் குளிர்காலம் முழுக்க (இங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாலையில் உப்பு கொட்டுவார்கள், பழைய காரை வெளியே எடுக்க முடியாது) முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாற்றும் வேலை. பின்னால் டிரம்மே போதும், புது ஷூ, புது சிலிண்டர். ரப்பர் ஹோஸ்களை மறந்துவிடாதீர்கள்: வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ஊதிப்போய் ஆயிலைத் திரும்ப விடாது. டிஸ்க் மாட்டிவிட்டுப் பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாம் என்று மிச்சம் பிடிக்கவும் பார்க்காதீர்கள். டிரம்முக்கான மாஸ்டரில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைக்கிற ஒரு சின்ன வால்வு உண்டு. டிஸ்க்கோடு சேர்ந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். நான் மிச்சம் பிடித்தேன். வண்டியை வெளியே எடுத்த இரண்டாவது வாரமே பேட் புகைந்தது. புது மாஸ்டரும் முன்பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்குபோடும் வால்வும் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து தொள்ளாயிரம் டாலருக்குப் பக்கம். ஒரு குதிரைகூடச் சேரவில்லை. இதுவரை போட்ட காசில் எனக்கு வருத்தமே இல்லாத காசு இது.

டயர், ஸ்டியரிங் மூட்டுகள், முன் சப்ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் புஷ்கள், இவையும் அதே குளிர்காலத்தில் முடிந்தன. நோவாவின் முன்பாதி தனிச் சட்டமாகப் போல்ட்டில் நிற்கும். அந்தப் புஷ் அம்பது வருடத்தில் அப்பளமாகி நொறுங்கியிருக்கும். டயரில் ஓரத்து எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் தயாரித்த தேதியைப் பாருங்கள். என்னுடையதில் பள்ளம் புதிதுபோல் இருந்தது, வயது பதினாறு. 235/60 ஆர்15 போட்டேன். விட்டம் 26 அங்குலம், அடுத்த கணக்குக்கு அது வேண்டும்.

இப்போதுதான் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேகத்துக்காக முதல் டாலரை எங்கே போடுவது? என் பதில், பின் ஆக்சில் ஹவுசிங்கில். கேம், கார்பரேட்டர் எல்லாம் பின்னால்தான்.

என் வண்டி கம்பெனியிலிருந்து வந்தது 3.08 கிரவுன் பினியனோடு. எஞ்சினிலிருந்து வரும் தண்டு 3.08 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. நெடுஞ்சாலையில் அமைதியாகப் போவதற்கான விகிதம். அதை 3.73 ஆக்கினேன். ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 2.52. பழையபடி பெருக்கினால் 7.76, புதிதில் 9.40. எஞ்சினில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல் சக்கரத்துக்குப் போகும் இழுவை 21 சதவீதம் கூடிவிட்டது. முதல் கியரில் மட்டுமல்ல, மூன்று கியரிலும். இந்த விலைக்கு இவ்வளவு பிக்கப் எஞ்சினுக்குள் எங்கேயும் கிடைக்காது.

இலவசமாகக் கிடைப்பதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கு 65 மைலில் பழைய விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,590 சுற்று சுற்றியது. இப்போது 3,130. இதில் ஓவர்டிரைவ் கிடையாது. பெட்ரோலும் குடிக்கும், காதும் அடைக்கும். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்துக்கு நெடுஞ்சாலையில் போகிறவர் 4.10 போட்டால் ஒரே மாதத்தில் பழசைத் தேடுவார். எனக்கு 3.73 சரியாக இருந்தது. உங்களுக்கு 3.42கூடப் போதுமானதாக இருக்கலாம். உங்கள் டயர் விட்டத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: மணிக்கு மைல், விகிதம், 336 மூன்றையும் பெருக்கி டயர் விட்ட அங்குலத்தால் வகுத்தால் எஞ்சின் சுற்று வரும்.

ஹவுசிங்கைத் திறக்கும்போதே உள்ளே இருக்கிற டிஃபரன்ஷியலையும் பாருங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அதுதான் சுற்றும். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பது வீட்டுக்குச் சரி, காருக்கு ஆகாது. இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரணம். அதே பக்கம் சுற்றினால் பாசிட்ராக்ஷன். என்னுடையது எதிர்ப்பக்கம் சுற்றியது, சாலையில் ஒற்றைக் கறுப்புக் கோடு போட்டு மானத்தை வாங்கிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். கிரவுன் பினியன், பாசிட்ராக்ஷன், பேரிங் எல்லாம் ஒரே தடவையில் செய்தேன். கூலி ஒரு முறைதான். இந்த வேலையை மட்டும் நான் வீட்டில் செய்யவில்லை. பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி, மை தடவினால் பல்லில் எங்கே படுகிறது என்று பார்த்து ஷிம் வைப்பது கைப்பழக்கம் வந்தவர் வேலை. தப்பானால் ஊளையிடும், வாழ்நாள் முழுக்க.

மாற்றியதும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பித்தது. 60இல் போனால் 73 காட்டியது. கியர்பாக்ஸின் வால்பகுதியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கியரை மாற்றினால் சரியாகும். நான் அதை உடனே மாற்றவில்லை. மனைவிக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது.

மிலனில் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளிக் கவசத்தை வெட்கப்பட்டுக் கழற்றிவிட்டுப் பழைய இரண்டு தொண்டையையே திரும்ப மாட்டியிருந்தேன். 16.5 வினாடி, 81 மைல். வேகத்தைப் பாருங்கள், எஞ்சின் அதே எஞ்சின். நேரத்தைப் பாருங்கள். கிளம்பும்போது பின்சக்கரம் துள்ளியது, கமான்பட்டை முறுக்கிக்கொள்வதால் வரும் துள்ளல். பட்டையோடு ஒரு இரும்புக் கை வைத்துப் போல்ட் போட்டதில் அது அடங்கியது.

அடுத்ததாக, இருக்கிற எஞ்சினை இருக்கிறபடி முழுசாக வேலை செய்ய வைப்பது. இதை யாரும் செலவாகவே நினைப்பதில்லை, பெட்டியில் பளபளவென்று எதுவும் வராது அல்லவா! ஆனால் அறுபதுகளில் உட்வர்ட் அவென்யூவில் பேர் வாங்கிய வண்டிகளைப் பாருங்கள். அந்தச் சாலையை ஒட்டி ராயல் ஓக் என்ற ஊரில் ராயல் போன்டியாக் என்று ஒரு டீலர். ஜிடிஓவுக்கு 'பாப்கேட்' என்று ஒரு வேலை செய்து கொடுப்பார்கள். அதில் என்ன இருந்தது? மெல்லிய ஹெட் கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங் மாற்றம், பெரிய ஜெட், இன்டேக் மேனிஃபோல்டு சூடாகாமல் அடைக்கிற கேஸ்கட், வால்வு ராக்கருக்குப் பூட்டு நட்டு. கையில் அள்ளினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். புது எஞ்சின் இல்லை, ராட்சதக் கார்பரேட்டர் இல்லை. அந்த ஜிடிஓக்களிடம்தான் மற்றவர்கள் தோற்றார்கள்.

என் எஞ்சினில் முதலில் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்தேன். எல்லாம் 140க்கும் 150க்கும் இடையில், நல்ல சகோதரர்கள். ஒன்று மட்டும் 90 காட்டியிருந்தால் அதோடு எல்லாத் திட்டத்தையும் மடித்து வைத்திருக்க வேண்டும். ஓட்டைப் பானைக்கு வர்ணம் பூசி என்ன பயன்? பிறகு டைமிங். லைட் அடித்துப் பார்த்தால் கம்பெனி சொன்ன இடத்தில் கச்சிதமாக இருந்தது. பெரியவர் நம்பவில்லை. கிராங்கின் முனையில் இருக்கும் பேலன்சர் இரண்டு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் கெட்டால் வெளிவளையம் மெல்ல நகர்ந்துவிடும். கோடும் அதோடு நகரும். பிளக் துவாரத்தில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப் ஒன்றைத் திருகி உண்மையான மேல்முனையைக் கண்டுபிடித்தோம். கோடு எட்டு டிகிரி பொய். இத்தனை நாள் என் எஞ்சின் எட்டு டிகிரி தாமதமாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. எட்டு மணி பஸ்ஸுக்கு எட்டரைக்குக் கிளம்புகிற கதை.

அதோடு விடவில்லை அவர். கிராங்கைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராங்க் வெகுதூரம் திரும்பிய பிறகுதான் ரோட்டர் அசைந்தது. டைமிங் செயின் தொங்கிப்போயிருக்கிறது. அந்தக் காலத்தில் சத்தம் வராமல் இருக்கக் கேம் ஸ்பிராக்கெட் பல்லுக்கு நைலான் பூசியிருப்பார்கள். திறந்து பார்த்தால் நைலான் பாதி இல்லை. மீதிப் பாதி ஆயில் சம்ப்பில் சல்லடையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. இந்த எஞ்சினில் போய் 750 கார்பரேட்டர் மாட்டி ரேஸ் பண்ணினேன் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. இரட்டை ரோலர் செயின், புது பேலன்சர், பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக், புது வயர். மொத்த டைமிங் 3,000 சுற்றுக்கு மேல் 36 டிகிரி. பழைய டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளியை எஞ்சின் ஓடும்போதே திருகுவதற்குப் பக்கவாட்டில் ஒரு குட்டி ஜன்னல் இருக்கும். எவ்வளவு அழகான யோசனை! எலக்ட்ரானிக் போட்ட பிறகு அந்த ஜன்னலுக்கு வேலையில்லை. மனசு கேட்காமல் இன்னும் துடைத்து வைக்கிறேன்.

16.1 வினாடி, 83 மைல்.

கார்பரேட்டர், மேனிஃபோல்டு, சைலன்சர் எல்லாம் அடுத்த வருடம். கார்பரேட்டர் அளவுக்கும் கணக்கு இருக்கிறது. 350 கன அங்குலத்தை 5,500 சுற்றால் பெருக்கி 3,456ஆல் வகுத்தால் 557 சிஎஃப்எம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு இழுக்கும் காற்று, கன அடியில். எந்தச் சாதாரண எஞ்சினும் நூற்றுக்கு நூறு மூச்சு இழுக்காது. 85 சதவீதம் என்று வைத்தால் 473. ஆக, 500, 600 போதும். கணக்கு தெரியாமல்தான் 750 வாங்கினேன். அத்தனை பெரிய தொண்டையில் கீழ்ச்சுற்றில் காற்று சோம்பலாகப் போகும், பெட்ரோலை உறிஞ்சாது, மூச்சு முட்டும். இதில் வேடிக்கை, கடைசியில் நான் மாட்டிய பழைய குவாட்ராஜெட்டும் 750தான். ஆனால் அதன் முன் இரண்டு தொண்டை சிறியது. பின் இரண்டு தொண்டையின் மேல் காற்று கேட்கும்போது மட்டும் திறக்கிற தட்டு. எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் ஊட்டும். பழைய உதிரிபாகக் கடையில் எண்பது டாலருக்கு வாங்கிச் சுத்தம் செய்தேன். அதற்கு ஒரு இரட்டைத் தள மேனிஃபோல்டு, ஹெடர், இரண்டரை அங்குலத்தில் இரட்டைக் குழாய். 15.1 வினாடி, 90 மைல். சத்தமும் வந்தது. சத்தத்துக்காகவும்தான் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஹெட்டும் கேமும் கடைசியில். இவற்றைத் தனித்தனியாக வாங்காதீர்கள், ஜோடியாக மட்டும். என் எஞ்சினில் ஹெட்டின் எரியறை பெரியது, 76 சிசி, கம்ப்ரஷன் 8.5. அந்தக் கம்ப்ரஷனில் பெரிய கேம் போட்டால் கீழ்ச்சுற்றில் இழுவையே இருக்காது. ஐடிலிங்கில் மட்டும் 'தடக் தடக்' என்று வீரம். வேக்குவமும் குறையும், பிரேக் பூஸ்டர் அதை நம்பித்தான் இருக்கிறது. கேம் வாங்கி பிரேக்கைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1996இலிருந்து டிரக்குகளில் வந்த வோர்டெக் இரும்பு ஹெட், 64 சிசி. பழைய உதிரிபாகச் சந்தையில் மலிவு, காற்றோட்டமும் நன்றாக இருக்கும், கம்ப்ரஷனும் ஏறும். அதற்குள் அடங்குகிற மிதமான கேம், கொஞ்சம் அதிகச் சுற்றில் பிடிக்கிற டார்க் கன்வெர்ட்டர். ஆனால் அந்த ஹெட்டுக்கு மேனிஃபோல்டு போல்ட் துளைகளே வேறு. போன வருடம்தான் வாங்கிய மேனிஃபோல்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மூன்றாவதாக ஒன்று வாங்கினேன். கடைசியில் எந்த ஹெட் போடப்போகிறோம் என்று முதல் வருடமே ஒரு தாளில் எழுதியிருந்தால் முந்நூறு டாலர் மிச்சம். தம்பி, உன்னிடம் போனில் சொல்ல மறந்தது இதுதான். முதலில் வாங்குவது எது என்பதற்கு முன்னால், கடைசியில் வாங்குவது எது என்று முடிவுசெய்துகொள். வருடத்துக்கு எத்தனை மைல், தெருவா டிராக்கா, எந்தச் சுற்றில் ஓட்டப்போகிறாய் என்பதைப் பொறுத்துத்தான் கடைசிப் பொருள் அமையும். அதிலிருந்து பின்னோக்கி வா.

டேப்பட் உரசி ஓடுகிற கேம் என்றால் ஆயிலில் துத்தநாகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டு. அந்த இருபது நிமிடம் நான் கராஜ் வாசலில் நின்று வேண்டாத சாமி இல்லை.

போன செப்டம்பரில் மிலனில் 13.9 வினாடி, 99 மைல். என்னையும் சேர்த்து 1,600 கிலோ வண்டி. இன்றைக்கு ஷோரூமில் இருந்து வருகிற எத்தனையோ கார்கள் இதைவிட வேகம், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு. அதனால் என்ன? ஓட்டி முடித்து 99 மைலிலிருந்து பிரேக் அடித்தேன். நேராக நின்றது. மறுபடி அடித்தேன், மறுபடியும் நேராக நின்றது.

அந்த 750 கார்பரேட்டரும் ரேஸ் மேனிஃபோல்டும் இன்னும் கராஜ் அலமாரியில் துணி சுற்றி இருக்கின்றன. பத்து நாள்கூட ஓடாத சரக்கு, பாதி விலை. 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம். வரும்போது காரிலேயே வாருங்கள். முன் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.